மிருதங்கக் கட்டைக்குக் கண்ணாடி மினுக்கம்: முதல் முறை செய்பவர்களுக்கு

மிருதங்கத்தின் கட்டையை முழுதாகப் பார்க்கும் வாய்ப்பு வாசிப்பவருக்கே அடிக்கடி கிடைப்பதில்லை. இரண்டு பக்கமும் தோலால் ஆன மூட்டு, நடுவில் நெருக்கமாக இழுத்துக் கட்டிய தோல் வார். அந்த வாரின் இடுக்கில்தான் மரம் எட்டிப் பார்க்கும். பழைய வாரை முழுக்க அவிழ்த்துப் புது வார் பிடிக்கும் நாளில்தான் கட்டை தனியாக நம் மடியில் கிடக்கும். மெருகு ஏற்ற அதுதான் நேரம். புதிதாகக் கடைந்த கட்டை வாங்கி வைத்திருப்பவர்களுக்கும், வாருக்குப் பதில் நட்டு போல்ட்டால் இறுக்கும் வகைக்கு மாறுகிறவர்களுக்கும் இது இன்னும் பொருந்தும். நட்டு போல்ட் மிருதங்கத்தில் மரம் அதிகமாக வெளியே தெரியும். பலாக்கட்டையில் செய்த தவில், கஞ்சிரா வளையம் இவற்றுக்கும் வேலை முறை இதுவேதான்.

கடையில் விலையுயர்ந்த பாலிஷ் டப்பா ஒன்றை வாங்கிக் கடைசியில் நன்றாகத் தேய்த்தால் கட்டை மின்னிவிடும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அப்படி மின்னாது. மினுக்கம் என்பது சமதளம். ஒரு பரப்பில் விழும் வெளிச்சம் சிதறாமல் ஒரே பக்கமாகத் திரும்பினால் கண்ணுக்குக் கண்ணாடி மாதிரித் தெரியும். பரப்பில் கீறலும் குழியும் இருந்தால் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறி மங்கலாகும். அதனால் இந்த வேலை முழுவதும் பெரிய கீறலைச் சின்னக் கீறலாக்கி, சின்னக் கீறலைக் கண்ணுக்கே தெரியாத கீறலாக்கும் வேலைதான். முதல் நாள் உப்புத்தாளில் விட்ட கீறலைக் கடைசி நாள் தேய்க்கும் காம்பவுண்ட் என்ற மெருகுப் பசை மறைக்காது, இன்னும் பளிச்சென்று எடுத்துக்காட்டும்.

மொத்தமாக ஐந்தாறு வாரம் ஆகும். அதில் கை வேலை நான்கைந்து நாள்தான், மீதியெல்லாம் காத்திருப்பு. அடுத்த வாரம் கச்சேரி இருக்கிறது என்றால் இப்போது தொடங்காதீர்கள்.

கட்டையைக் கழற்றும் முன்

வாரை நீங்களே அவிழ்க்க வேண்டாம். மிருதங்கம் செய்பவரிடம் கொடுத்து அவிழ்த்து வாங்குங்கள். தோலைப் பதப்படுத்தி, வாரை இழுத்து, நாதத்தைக் கொண்டுவரும் அந்தக் கலை தஞ்சாவூரிலும் சென்னையிலும் சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. மேடையில் அவர்கள் பெயரை யாரும் சொல்வதில்லை, அது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிற விஷயம். கட்டையைக் கையில் வாங்கும்போது அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மரம் நன்றாகக் காய்ந்ததா? எங்காவது வெடிப்பு ஓடியிருக்கிறதா? வாய் விளிம்பு சரியாக இருக்கிறதா? அவர் விரலால் தட்டிப் பார்த்துச் சொல்லும் பதில் எந்தக் கருவியின் அளவுக்கும் குறைந்தது இல்லை.

காயாத மரத்துக்கு மெருகு ஏற்றினால் ஆறு மாதத்தில் மரம் சுருங்கும், மேலே போட்ட பூச்சு அதோடு சுருங்க முடியாமல் கோடு கோடாக வெடிக்கும். வெடிப்பு ஆழமாக ஓடியிருந்தால் அதை முதலில் அவரே சரி செய்ய வேண்டும். துளை அடைக்கும் மக்கை வைத்து மூடுகிற விஷயம் அல்ல அது. வார் ஏற்றும்போது கட்டைமேல் விழும் இழுப்பு சாதாரணமானது இல்லை.

வாய் விளிம்பு, அதாவது தோல் உட்காரும் இடம், உங்கள் வேலைக்கு வெளியே. அங்கே உப்புத்தாள் படவே கூடாது. ஒரு இழை குறைந்தாலும் தோல் ஒரே சீராக உட்காராது, சுருதி சேர்ப்பது பாடாகிவிடும். பின்னால் அடிக்கப்போகும் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சும் அங்கே ஏறக்கூடாது. மூட்டு ஏற்றும்போது தோல் ஈரமாக இருக்கும், பூச்சுமேல் அது ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாயின் விளிம்பிலும் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி ஒட்டிவிடுங்கள். உள்பக்கத்தையும் தொடாதீர்கள். குடைந்தவர் விட்ட உளித்தடம் அப்படியே இருக்கட்டும்.

மரத்தை அறிந்துகொள்ளுங்கள்

மிருதங்கத்துக்குப் பலாதான். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு மிருதங்கக்காரர்களிடம் தனி மதிப்பு உண்டு. தஞ்சாவூர் வீணைக்கும் இதே மரம்தான். புதிதாக அறுத்த பலா நல்ல மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் படப்பட பழுப்பேறும். அதன் சாயம் பௌத்தத் துறவிகளின் ஆடைக்கு நிறம் ஏற்றப் பயன்பட்டது என்பதை நினைத்தால் அந்த மஞ்சளின் ஆழம் புரியும். பழைய கட்டையில் வார் கிடந்த இடம் ஒரு நிறம், வெளிச்சம் பட்ட இடம் ஒரு நிறம் என்று பட்டை பட்டையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். தேய்த்து முடித்துச் சில மாதம் போனால் பெரும்பாலும் ஒன்றாகிவிடும்.

நமக்கு இரண்டு குணங்கள் முக்கியம். பலாவில் நுண்துளைகள் பெரிது, வெறும் கண்ணுக்கே ஊசி கீறியது போலக் கோடு கோடாகத் தெரியும். அவற்றை நிரப்பாமல் கண்ணாடி மினுக்கம் வராது. இரண்டாவது, இழை ஒரே பக்கம் ஓடாது. கொஞ்ச தூரம் இப்படி, கொஞ்ச தூரம் அப்படி என்று பின்னிக்கொண்டு ஓடும். மெருகேறியதும் அசைத்துப் பார்த்தால் பட்டுப்புடவை போல ஒளி மாறி மாறி ஓடுவது இதனால்தான். அதே காரணத்தால் இழைப்புளி வைத்தால் சில இடத்தில் மரம் பிய்த்துக்கொண்டு வரும். உப்புத்தாளே போதும்.

பழைய பூச்சு இருந்தால் அது என்னவென்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அழுத்துங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அது அரக்கு, அதாவது பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அவ்வளவாக அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் மெலமைன், பி.யூ. போன்ற உறுதியான பூச்சாக இருக்கலாம். அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

உலர்ந்த தேய்ப்பு

உப்புத்தாளின் பின்புறம் எண்ணுக்கு முன்னால் ‘பி’ என்று ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்த அளவுமுறையில் 120 நம்பர் தாளின் மணல் சராசரியாக 125 மைக்ரான், 400 நம்பரில் 35, 1000 நம்பரில் 18, 2000 நம்பரில் 10 மைக்ரான். இந்த எண்கள் எதற்கு என்றால், ஒவ்வொரு தாளும் தன் மணல் அளவுக்கு ஏற்ற கீறலை விட்டுப் போகும், அடுத்த தாளின் வேலை அந்தக் கீறலின் அடி வரை மரத்தை எடுப்பது. 120-இல் இருந்து நேராக 400-க்குத் தாவினால் 400 பாவம், மேலே மேலே வழவழப்பாக்கும், அடியில் 120-இன் கீறல் அப்படியே கிடக்கும். கைக்குத் தெரியாது. லாக்கர் ஏறியதும் கண்ணுக்குத் தெரியும்.

கடைசல் பட்டறையில் இருந்து வந்த கட்டையில் குறுக்கே வளையம் வளையமாகக் கோடுகள் இருக்கும். கடைசல் சுற்றும்போதே தாளை வைத்துத் தேய்த்திருந்தாலும் இழைக்குக் குறுக்கேதான் கீறல் விழுந்திருக்கும். அதை எடுப்பதுதான் முதல் வேலை. 80 நம்பரில் தொடங்கி, வளையக் கோடு முழுக்கப் போகும் வரை தேயுங்கள். அப்புறம் 120, 180, 240. கட்டை நெடுக, இழை ஓடும் திசையில் தேய்ப்பதே நல்லது. வளையங்களை எடுக்க மட்டும் முதலில் கொஞ்சம் சாய்வாகத் தேய்க்கலாம்.

வெறும் விரலால் தாளைப் பிடித்தால் விரல் அழுத்தும் இடம் மட்டும் குழியும். தட்டையான மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தால் வளைந்த பரப்பு தட்டை தட்டையாகும். பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தைச் சோப்புக் கட்டி அளவுக்கு வெட்டி அதில் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். வளைவுக்கு வளைந்து கொடுக்கும், அழுத்தத்தையும் பரப்பிக் கொடுக்கும். சுழலும் மின்கருவி வேண்டாம். அது விடும் சுருள் கீறலை எடுக்க மறுபடி கையால்தான் தேய்க்க வேண்டும்.

மிருதங்கத்தின் அமைப்பை ஞாபகம் வையுங்கள். இரண்டு பக்கமும் சரிந்து, தொப்பி எனப்படும் பெரிய வாயின் பக்கம் கொஞ்சம் தள்ளி அகலமாக ஒரு வயிறு. அந்த வயிற்றின் மேட்டில் தாள் தானாகவே அதிகம் அழுந்தும். அங்கே கையை லேசாக்குங்கள். இது இனி எல்லாக் கட்டத்திலும் வரப்போகிற எச்சரிக்கை.

240 முடிந்ததும் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து கட்டை முழுக்க ஒரு முறை துடையுங்கள். படுத்துக் கிடந்த மர இழைகள் ஈரம் பட்டு எழுந்து நிற்கும். நன்றாகக் காய்ந்ததும், ஒரு இரவு போனால் நல்லது, 320-ஆல் மெதுவாக எழுந்ததை மட்டும் சீவி எடுங்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் கோட் லாக்கரில் அந்த இழைகள் எழுந்து பரப்பு முள் முள்ளாகும்.

மரத்தூளுக்குக் கைக்குட்டை போதாது. நல்ல தூசி மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். விரலும் மூச்சும் தான் மிருதங்கக்காரரின் சொத்து.

நுண்துளைக்கு மக்கு

கடையில் வுட் ஃபில்லர் என்று டப்பாவில் கிடைக்கும். வெள்ளையாக இருப்பதை அப்படியே பூசினால் பலாவின் துளைகளில் வெள்ளைப் புள்ளி புள்ளியாகத் தங்கிவிடும், அதற்கு அப்புறம் பரிகாரம் இல்லை. மஞ்சள் காவி கொஞ்சம், சிவப்புக் காவி சிட்டிகை சேர்த்து, மரத்தைவிடச் சற்றே கருத்த நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். மரம் எப்படியும் கருக்கும், மக்கு கருக்காது. அதனால் இன்றைய மஞ்சளுக்குப் பொருத்தினால் இரண்டு வருடத்தில் துளைகள் வெளிறித் தெரியும்.

தயிர் பதத்தில் எடுத்து, சாக்குத் துணியால் இழைக்குக் குறுக்கே அழுத்தித் தேய்த்து ஏற்றுங்கள். மேலே நிற்பதைப் பத்து நிமிடத்தில் பழைய ஏ.டி.எம். அட்டை மாதிரி ஒன்றால் வழித்தெடுங்கள். ஒரு நாள் காயவிட்டு 320-ஆல் தேயுங்கள். மக்கு துளைக்குள் மட்டும் இருக்க வேண்டும், மரத்தின் மேல் மூட்டமாக நிற்கக் கூடாது. சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் இன்னும் குழிகள் தெரியும். மக்கு காயும்போது சுருங்கும், அதனால் இன்னொரு முறை ஏற்றுங்கள். பொறுமை போகும் இடம் இதுதான், பலர் இங்கேதான் ஒரு முறையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எந்தப் பூச்சு?

அரக்கு நம் நாட்டுச் சரக்கு. ஜார்க்கண்ட் பக்கத்துக் காடுகளில் ஒரு சிறு பூச்சி மரக்கிளையில் சுரப்பதைச் சேகரித்து, உருக்கி, மெல்லிய செதிலாக்கியதுதான் அவலரக்கு. ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் பிரெஞ்சு பாலிஷுக்கு இணையான ஆழம் வேறு எதிலும் இல்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் தண்ணீர் தேங்கினால் அரக்கு வெளுக்கும். மிருதங்கத்தில் தொப்பிப் பக்கம் ஒவ்வொரு முறையும் ரவையைப் பிசைந்து அப்புகிறோம், ஈரக்கை கட்டைமேல் படாமல் இருக்காது. கஞ்சிராவுக்கும் தண்ணீர் தடவுகிறோம். அதனால் இந்த வாத்தியங்களுக்கு அரக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

பி.யூ., அதாவது இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பாலியூரிதீன், மிக உறுதியானது. ஆனால் அதில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சில் போனால் ஆஸ்துமா வரக்கூடும். ஒரு முறை ஒவ்வாமை ஏற்பட்டால் பிறகு சிறு அளவு பட்டாலும் மூச்சுத் திணறும். வீட்டு மாடியில் அடிக்கிற பொருள் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. பி.யூ.வில் ஒவ்வொரு கோட்டும் தனித்தனி ஏடாக நிற்கும். தேய்க்கும்போது மேல் ஏடு ஓரிடத்தில் தீர்ந்தால் வரைபடத்தில் மலையைச் சுற்றிக் கோடு போட்ட மாதிரி வளையம் தெரியும்.

முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். கடையில் என்.சி. லாக்கர் என்று கேட்டால் தருவார்கள். புதுக் கோட் பழைய கோட்டைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். ஏட்டுக்கோடு விழாது. தவறு செய்தால் அந்த இடத்தில் மேலே அடித்துச் சரிசெய்யலாம். கற்றுக்கொள்பவருக்கு அந்த மன்னிப்பு வேண்டும்.

இதிலும் ஆபத்து உண்டு. லாக்கரும் தின்னரும் சட்டென்று தீப்பிடிக்கும். அடிக்கும் இடத்துக்கு அருகில் அடுப்பு, சாமி விளக்கு, கொசுவத்தி, சிகரெட் எதுவும் கூடாது. காற்று வெளியே போகும் இடமாக இருக்க வேண்டும். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது, கரிவடிப்பான் பொருத்திய மாஸ்க் வேண்டும். லாக்கர் நனைந்த துணிகளைத் தண்ணீர் வாளியில் போட்டு வையுங்கள்.

கம்ப்ரசரும் ஸ்பிரே கன்னும் இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. பக்கத்துப் பர்னிச்சர் பாலிஷ் பட்டறையில் அடிக்க மட்டும் கொடுக்கலாம். முன்னும் பின்னும் தேய்ப்பதை நீங்கள் செய்யுங்கள். மினுக்கம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அடிப்பது

கட்டை குடைவாக இருப்பது இங்கே நமக்கு வசதி. இரண்டு வாயையும் அட்டையால் மூடி, நடுவில் ஓட்டை போட்டு ஒரு மூங்கிலைச் செருகுங்கள். இரண்டு நாற்காலிகளின் முதுகில் மூங்கிலைக் கிடத்தினால் கட்டையைத் தொடாமலே சுற்றிச் சுற்றி அடிக்கலாம்.

முதலில் சீலர் என்ற அடிப்பூச்சு இரண்டு கோட். காய்ந்ததும் 320-ஆல் சமமாக்குங்கள். அப்புறம் லாக்கர். தின்னர் விகிதம் டப்பாவில் போட்டிருக்கும்படி. கனமாக மூன்று கோட் அடிப்பதைவிட மெல்லியதாக எட்டு கோட் அடிப்பது மேல். கனமாக அடித்தால் வழியும், மேல்பக்கம் காய்ந்து அடியில் தின்னர் சிக்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு மூன்று கோட்டுக்கு மேல் வேண்டாம், இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். நான்காவது கோட்டுக்குப் பிறகு 400-ஆல் ஒரு முறை லேசாகத் தேய்த்துச் சமமாக்கிவிட்டுத் தொடரலாம். எல்லாம் முடிந்து தேய்த்த பிறகு மேலே நிற்கும் பூச்சின் கனம் இரண்டு தலைமுடியின் தடிமன் அளவுதான். அதற்கு மேல் போட்டால் பிளாஸ்டிக் உறை போட்டது போல இருக்கும், பின்னால் வெடிக்கவும் செய்யும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிரும், காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படியும், லாக்கர் பால் போல வெளுக்கும். அப்படி ஆகிவிட்டால் தேய்த்தெடுக்க அவசரப்பட வேண்டாம். வெயில் அடிக்கும் உலர்ந்த நாளில், மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னர் கலந்து மெல்லிய கோட் ஒன்று அடித்தால் வெளுப்பு பெரும்பாலும் கலையும். மாசி, பங்குனி காலை நேரம் எனக்குப் பிடித்த நேரம். மதிய வெயிலில் லாக்கர் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும்.

லாக்கர் பரப்பில் மீன் கண் போலக் குட்டிக் குட்டி வட்டக்குழி விழுந்தால் சிலிக்கான் பட்டிருக்கிறது என்று பொருள். கார் டேஷ்போர்டு பாலிஷ், சில ஹேர் ஜெல் இவற்றில் அது இருக்கும். கை கழுவிவிட்டுக் கட்டையைத் தொடுங்கள்.

காத்திருப்பு

தொட்டால் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று இல்லை. உள்ளே இருக்கும் தின்னர் வெளியேறி முடிய மூன்று நான்கு வாரம் ஆகும். அது வெளியேறும்போது பூச்சு சுருங்கித் துளைகளுக்குள் கொஞ்சம் இறங்கும். இன்று சமமாகத் தேய்த்து மினுக்கினால் அடுத்த மாதம் துளைகள் மறுபடி தெரியும். மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள். தின்னர் வாசனை வந்தால் இன்னும் நேரம் வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் முதல் கட்டை. பத்தாம் நாளே தேய்த்து மினுக்கி, வார் பிடிக்கக் கொடுத்துவிட்டேன். அழகாகத்தான் இருந்தது. ஒரு வருடம் கழித்து வாரைத் தளர்த்தியபோது, தோல் அழுந்திய ஒவ்வொரு இடத்திலும் பூச்சில் அதன் தடம் அச்சாகப் பதிந்திருந்தது. சில இடங்களில் வாரோடு பூச்சும் உரிந்து வந்தது. கட்டையைத் திரும்பத் தேய்க்க வேண்டியதாயிற்று.

தண்ணீர்த் தேய்ப்பு

எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது. அவசரம் இல்லாத ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள்.

வேண்டியவை: 800, 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), ஒரு கிண்ணம் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, பழைய பனியன் துணி, அந்தச் செருப்புத் துண்டு. தாள்களைக் கால் மணி நேரம் ஊறப்போடுங்கள். வாய் விளிம்பு டேப் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். அங்கே பூசாத மரம் இருக்கிறது. தண்ணீர் உள்ளே இறங்கினால் மரம் ஊதி, ஓரத்தில் லாக்கர் தூக்கும். அதனால் தண்ணீரை ஊற்ற வேண்டாம். தாள் வழுக்கும் அளவுக்கு ஈரம் போதும்.

800-இல் தொடங்குங்கள். ஒரு உள்ளங்கை அளவு இடத்தை எடுத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு முறை தேய்த்து, துணியால் துடைத்து, சாய்த்துப் பாருங்கள். மங்கலான பரப்பின் நடுவே மினுமினுவென்று புள்ளிகள் தெரியும். அவைதான் பள்ளங்கள், தாள் இன்னும் எட்டாத இடங்கள். அந்தப் புள்ளிகள் தீர்ந்து எல்லா இடமும் ஒரே மங்கலாக ஆக வேண்டும். புள்ளியைக் குறிவைத்து அங்கேயே தேய்க்காதீர்கள். அதைச் சுற்றியிருக்கும் மேட்டைத்தான் இறக்க வேண்டும். ஒன்றிரண்டு புள்ளி பிடிவாதமாக நின்றால் விட்டுவிடுங்கள். அவற்றைத் துரத்தப் போய்த்தான் பூச்சு ஓட்டையாகும்.

வயிற்றின் மேடும், டேப்பை ஒட்டிய ஓரமும் மிக ஆபத்தான இடங்கள். அந்த இரண்டு இடத்திலும் 800 போடவே வேண்டாம், 1000-இல் தொடங்கினால் போதும். தேய்க்கும் தண்ணீர் லாக்கர் தூளால் வெள்ளையாக வழியும். அதில் பழுப்பு நிறம் கலந்தால் உடனே நிறுத்துங்கள். மரம் வந்துவிட்டது. மனம் உடையாதீர்கள். துடைத்து, இரண்டு நாள் காயவிட்டு, அந்த இடத்தைச் சுற்றி மெல்லிய கோட் இரண்டு மூன்று அடித்து, இன்னும் இரண்டு மூன்று வாரம் காத்திருந்தால் தடம் தெரியாமல் சேர்ந்துவிடும்.

ஒவ்வொரு நம்பருக்கும் திசையை மாற்றுங்கள். 800 கட்டையைச் சுற்றி, 1000 நெடுக, 1500 மறுபடி சுற்றி, 2000 நெடுக. நெடுகத் தேய்க்கும்போது குறுக்குக் கீறல் ஒன்றுகூடத் தெரியவில்லை என்றால் முந்தைய தாளின் வேலை முழுக்க அழிந்தது என்று அர்த்தம். முந்தைய கீறல் முழுக்க மறையும் வரை அடுத்த நம்பருக்குப் போகாதீர்கள். நம்பர் மாறும்போதெல்லாம் தண்ணீரையும் துணியையும் மாற்றுங்கள், கட்டையையும் துடைத்துவிடுங்கள். 800-இன் ஒரே ஒரு மணல் 2000-க்குள் மாட்டிக்கொண்டால் நீளமாக ஒரு கீறல் விழும், அதற்காக இரண்டு படி பின்னால் போக வேண்டியிருக்கும்.

சரியாகச் செய்திருக்கிறோமா என்று பார்க்க டியூப்லைட்டே போதும். கட்டையை விளக்குக்கு இணையாகப் பிடித்து மெல்ல உருட்டுங்கள். 2000 முடிந்த பரப்பிலேயே விளக்கின் பிம்பம் மங்கலாக ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடு எங்காவது நெளிந்தால் அங்கே மேடு பள்ளம் இருக்கிறது. மினுக்கிய பிறகு அந்த நெளிவு நூறு பேர் கண்ணில் படும். இப்போதே 1000-க்குத் திரும்பிப் போய்ச் சரிசெய்யுங்கள்.

காம்பவுண்ட்

2000 வரை ஒழுங்காகச் செய்திருந்தால் இது அரை நாள் வேலை. வண்டி பெயின்ட் கடையில் கிடைக்கும் ரப்பிங் காம்பவுண்டில் சிலிக்கான் இல்லாத வகையாகக் கேளுங்கள். ஃபிளானல் துணியில் கொஞ்சம் எடுத்து, உள்ளங்கை அளவு இடத்தில் முதலில் அழுத்தியும், காம்பவுண்ட் மெலிய மெலிய அழுத்தத்தைக் குறைத்தும் தேயுங்கள். ஒரு இடத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். மங்கல் கலைந்து, உங்கள் முகம் தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் வேறு துணியில் இன்னும் மெல்லிய ஃபினிஷிங் பாலிஷ்.

டிரில்லில் ஸ்பாஞ்ச் மாட்டிச் செய்யலாம், வேகமாக முடியும். ஆனால் லாக்கர் சூட்டுக்கு இளகும். ஒரே இடத்தில் நிறுத்தினால் பூச்சு இழுபட்டுச் சுருங்கும். ஓரத்தில் ஸ்பாஞ்ச் மாட்டினால் கட்டை கையை விட்டுப் பறக்கும். முதல் கட்டையைக் கையாலேயே செய்யுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. தோள் வலிக்கும், ஆனால் பூச்சு எவ்வளவு தாங்கும் என்பதை விரல் கற்றுக்கொள்ளும்.

இவ்வளவையும் நேராகக் கச்சேரிக் கட்டையில் முயல வேண்டாம். பட்டறையில் பலாத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, மக்கில் இருந்து காம்பவுண்ட் வரை அதில் ஒரு முறை செய்து பாருங்கள். அதில் வேண்டுமென்றே ஒரு ஓரத்தை ஓட்டையாகும் வரை தேயுங்கள். எந்த நொடியில் பூச்சு தீர்கிறது என்று ஒரு முறை கைக்குத் தெரிந்துவிட்டால் பிறகு மறக்காது.

வார் பிடிக்கும்போது

டேப்பை மெதுவாக, பூச்சின் பக்கமிருந்து விளிம்பை நோக்கிச் சாய்த்து உரியுங்கள். லாக்கர் ஓரம் கூராக நின்றால் 1000-ஆல் ஒரு முறை தொட்டுவிடுங்கள். கட்டையைப் பருத்தித் துணியில் சுற்றிக் கொண்டுபோய் மிருதங்கம் செய்பவரிடம் கொடுத்து, எத்தனை வாரம் காய்ந்தது என்று சொல்லுங்கள். வாரும் தோலும் ஈரமாக ஏறும். ஏற்றி முடித்ததும் கட்டைமேல் நிற்கும் தண்ணீரை உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லி நினைவுபடுத்துங்கள்.

தினமும் வாசித்து முடித்ததும் ரவை ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். சானிடைசர் பூசிய கையோடு கட்டையைப் பிடிக்காதீர்கள், அதில் இருக்கும் ஆல்கஹால் லாக்கரை மங்கலாக்கும். ரப்பர் காலுள்ள ஸ்டாண்டிலும் பிளாஸ்டிக் உறையிலும் நாள்கணக்கில் வைக்க வேண்டாம். அவற்றில் இருந்து கசியும் ரசாயனம் லாக்கரை இளக்கி ஒட்டிக்கொள்ளும். உறைக்குள் பழைய பருத்தி வேட்டி ஒன்றைச் சுற்றி வைத்தால் போதும்.